உச்சி வெயிலில் ஒரு வேண்டுதல்

என் ராசா சேவியருக்கு,

நல்லாயிருக்கியாடா என்று வாய் தானாகக் கேட்டுவிடுகிறது. அங்கே வெயில் இல்லையென்றால் நல்லாத்தான் இருப்பாய். இங்கே ராயபுரத்தில் காலையிலேயே கொளுத்துகிறது. எனக்கு அலுத்துப்போச்சுடா.

என் மகள், உன் மருமகள் ரோஸிக்கு நாலு வயசு. உனக்கு இருந்ததே, முகமெல்லாம் புள்ளிபுள்ளியாய்க் கருப்பு, வெளிச்சத்தில் கண் கூசிக் கண்ணீர், அதே அவளுக்கும் வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வெயில் எல்லாருடைய தோலையும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அளவில் கெடுக்குமாம். மற்றவர்களுக்கு உடம்பே கெட்ட இடத்தை வெட்டியெறிந்து சரிபண்ணிக்கொள்ளும். சில பிள்ளைகளுக்கு அந்த வேலை பிறவியிலேயே சரியாக நடக்காது. கெட்டது சேர்ந்து சேர்ந்து புற்றாகிவிடும். இப்போதுதான் வெளிநாட்டில் கண்டுபிடித்திருக்கிறார்களாம். உன்னைப் பார்த்தவர்களுக்கு இது தெரியாது.

சொந்தத்திலா கட்டினீங்க என்று கேட்டார். அம்மா அத்தை மகனைக் கட்டினாள், நான் அம்மாவின் தம்பியையே கட்டினேன். வேறென்ன சொல்ல? மருந்து கிடையாது, வெயில் படாமல் வளருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால், நம்மைப் பெத்த நைனா மாதாவுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறார். திருவிழாவன்று உச்சி வெயிலில் குழந்தையை முழங்காலிலேயே கோயிலைச் சுற்ற வைப்பாராம். உனக்குச் செய்த அதே வேண்டுதல். மூக்கில் புண் வந்த பிறகும் அந்தச் சுடுமணலில் நீ போனாயே, ராசா.

வேணாம் என்றால் கேட்கிற ஆளா அவர்? புதுப் பாவாடை வேறு தைத்தாயிற்று. கடைசியில் சொல்லிவிட்டேன்.

"நீ கப்பல்ல துரு சுரண்டி பெயிண்ட் அடிக்கிற இல்ல நைனா? நம்ம உடம்புக்குள்ளயும் அந்த மாதிரி வேல நடந்துகினே கீது. சேவியருக்கு நடக்கல. ரோஸிக்கும் நடக்கல. வெயில்தான் அவன தின்னுச்சு."

நைனா அந்தப் புதுப் பாவாடையை எடுத்து மடித்து வைத்தார். பிறகு மெதுவாக, "அப்போ நாந்தான் அவன இட்டுகினு போயி வெயிலுக்குக் குட்த்தனா?" என்றார்.

தெரியாமல் செய்தது என்றேன். அது போதுமா? குழந்தையைக் காப்பாற்ற அந்த மனுஷனின் நெஞ்சைக் கிழித்துவிட்டேன். வேறு வழி இருந்ததா, நீயே சொல்லு.

திருவிழாவன்று அவர் கோயிலுக்குப் போகவில்லை. பழைய தார்ப்பாய் ஒன்றைத் தூக்கிவந்து ஜன்னலுக்கெல்லாம் ஆணியடித்து மறைத்தார். வெளியே கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. இருட்டில் ரோஸியை மடியில் வைத்து அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார். "வலிக்குதா சேவியரு?" என்று கேட்டார்.

"இல்ல தாத்தா" என்றாள் குழந்தை. நான் திருத்தவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு உன்னிடம் வருகிறோம். பொழுது இறங்கின பிறகுதான் அவளைக் கூட்டிவருவேன், இது சத்தியம். நைனாவும் வருவார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

உன்னை இடுப்பில் சுமந்த அக்கா,
ஸ்டெல்லா