மஞ்சள் மேலங்கி

குஷிரோ,
அக்டோபர் 28

அன்புள்ள தங்கை சதாயோவுக்கு,

அண்ணன் தோகுஜி எழுதுவது. இங்கே இரண்டு நாளாக உறைபனி விழுகிறது. நீ இருக்கும் செந்தாயில் இன்னும் அவ்வளவு குளிர் வந்திருக்காது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பக்கத்துப் பண்ணை குரிமோத்தோ ஒரு முழு உப்புச் சால்மன் கொடுத்தார். தனி ஆள் எத்தனை நாள்தான் அதையே தின்பது?

நாரைகள் வயலுக்கு வரத் தொடங்கிவிட்டன. பனிக்காலத்தில் அவற்றுக்குப் போட அரசாங்கம் அனுப்பும் மக்காச்சோளம் இந்த வருடமும் குறைவுதான், பழைய அளவில் பாதி. முதலில் குறைத்தபோதே நீ சொன்னாய். "அண்ணே, கொறைக்கிறது நல்லதுக்குத்தான். எல்லாம் நம்ம வயல்லயே குவிஞ்சு கெடந்தா, ஒரு சீக்கு வந்தா மொத்தமும் போயிரும். நாலு எடம் தேடிப் போகப் பழகட்டும்." அதற்கு நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "புள்ள பெக்காதவளுக்குப் பசின்னா என்னன்னு எங்க தெரியும்?" அன்றைக்கே நீ பஸ் ஏறிவிட்டாய். இரண்டு வருடமாகியும் ஒரு வரி மன்னிப்புக் கேட்டு நான் எழுதவில்லை. வாய்க்கொழுப்பும் வீம்பும்தான், வேறென்ன.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பிப்ரவரியில் ஒரு நாரைக் குஞ்சு மின்கம்பியில் மோதிச் செத்ததாகக் கேள்விப்பட்டிருப்பாய். அது நான் சொன்ன பொய்.

நீ போன பிறகு, சோளம் அனுப்பும் அரசாங்க அலுவலகத்துக்குத் தெரியாமல் கொட்டகைக்குப் பின்னால் மாட்டுத் தீவனச் சோளத்தை அள்ளிப் போட்டுவந்தேன். சோளம் போடும்போது நீ அணியும் மஞ்சள் மேலங்கியைப் பார்த்தால்தானே அவை கிட்டே வரும்? அதைப் போட்டுக்கொண்டுதான் போவேன். "சோளம் போட மட்டுந்தான் இது. மாட்டு வேலைக்கு இதைத் தொட்டே, அவ்வளவுதான்" என்று நீ அதற்குத் தனி ஆணி அடித்து வைத்திருந்தாய். ஒருநாள் கழற்றச் சோம்பல்பட்டு, அதோடேயே சாணிக்குழிக்குச் சாணி தள்ளப் போனேன். குழியில் சாணி ஆடை கட்டி, மேலே பனி மூடி, தரை மாதிரியே இருந்தது. கழுத்தில் பழுப்பு மாறாத அந்தக் குஞ்சு, சோளம் கிடைக்கும் என்று என் பின்னாலேயே வந்திருக்கிறது. நான் திரும்புவதற்குள் காலை வைத்துவிட்டது. சாணி அள்ளும் வாரியைப் போட்டு இழுத்தேன். வெளியே எடுத்தபோது உயிர் இல்லை.

பால் அறை வெந்நீரில் இறகு இறகாகக் கழுவி, மின்கம்பத்தடியில் கொண்டுபோய்ப் போட்டேன். அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் நம்பிவிட்டார்கள். பறவைகள் மோதாமல் இருக்கக் கம்பியில் அடையாளம்கூடக் கட்டிவிட்டுப் போனார்கள். தாயும் தகப்பனும் நான்கு நாள் கொட்டகைக்குப் பின்னால் நின்று கத்தின. கம்பத்தடிக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை.

எட்டு மாதம் மறைத்து வைத்திருந்தேன், அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போன வாரம் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். சோளம் போடும் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். "கம்முன்னு இருந்திருந்தா யாருக்குய்யா தெரியப்போவுது? தேடிப் போய்த் தலையைக் குடுத்திருக்கியே" என்று குரிமோத்தோ திட்டுகிறார். வேறு ஆள் வராவிட்டால் நம் வயலில் அடியோடு நிறுத்திவிடுவார்களாம். நாற்பது நாரைகள் பனிக்காலத்தின் நடுவில் எங்கே போய்த் தேடும்? வீட்டில் வேறு யார் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்புதான். நவம்பர் இருபதுக்குள் பதில் வேண்டுமாம்.

மேலங்கியை மூன்று முறை துவைத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நீ வந்தால் நான் மாடுகளோடு இருந்துகொள்கிறேன், வயல் பக்கம் வரமாட்டேன். அவர்கள் கொடுக்கும் அளவையே போடு. ஒரு சோள மணிகூடக் கூடுதலாகப் போடச் சொல்லமாட்டேன். வர மனமில்லையென்றால் அதைத் திருப்பி அனுப்பாதே, அங்கேயே எரித்துவிடு.

வருவதானால், பஸ் நிறுத்தத்திலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு நடந்து வா. அவை உன்னைத் தூரத்திலேயே தெரிந்துகொள்ளும். நான் கொட்டகை வாசலில் நிற்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா.

உன் அண்ணன்,
தோகுஜி