கமரா பழுதில்லை

தர்மிகாவின் அம்மாவுக்கு,

மூன்று மாதமாகப் போனில் கமரா பழுது என்று உமக்குச் சொன்னது பொய். லீவில் ஊருக்கு வந்த என் கூட்டாளி ரஜிதனிடம் நீர் புதுப் போன் கொடுத்தனுப்பிய பிறகும் முகம் காட்டாமலே பேசினேன். போன கிழமை, "அங்க வேற ஆரும் இருக்கினமோ?" என்று நீர் கேட்டபோது போனைக் கட் பண்ணிவிட்டேன்.

ஒருத்தரும் இல்லையப்பா. இங்கே ருவைஸில், கம்பனி தந்த ரூமில் நான் பொரிக்கும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்து, இடது கன்னமும் கையும் வெந்துபோயின.

இன்று கட்டு அவிழ்த்தார்கள். டொக்டர் ஆங்கிலத்தில் சொன்னது விளங்காமல், செத்த யாருடையதோ தோலை ஒட்டிவிட்டார்கள் என்று இத்தனை நாளும் கூசிக் கிடந்தேன். நம் ஊர் நர்ஸிடம் கேட்டேன். சிரித்தா.

"உங்கட தோல்தான் அண்ணை. தொடையில முத்திரையளவு எடுத்து ஆஸ்பத்திரி லாப்பில வைச்சு வளர்த்தது."

கண்ணாடி பார்த்தேன். கொஞ்சம் வெளிறல், அந்தப் பக்கம் தாடி முளைக்காதாம். ஆனால் நான்தான்.

நாளைக்குக் கமரா போடுகிறேன்.

இன்னொன்று. தீப்பிடித்தது, நீர் எனக்காக விரதம் பிடிக்கிற வெள்ளிக்கிழமை. சட்டியில் இருந்தது மீன். நாளைக்கு என் முகத்தைப் பார்த்தே நீர் ஏசும்.

புதுத் தோலோடு,
உம்முடைய பழைய மனுசன்