மயான காண்டத்தில் பெய்த மழை

அக்கா,

இன்று மத்தியானம் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தேன். துணி மடிப்பிலிருந்து உங்கள் ரோஸ் பவுடர் வாசம் வந்தது. மழைக்காக அரிச்சந்திரா நாடகம் போட வேண்டுமென்று கறம்பக்குடிப் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து போயிருந்தார்கள். அவர்களுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

வள்ளி திருமணம் நாடகத்தில் வள்ளியாக நீங்கள் மேடை ஏறினால் நாரதர் வேஷக்காரருக்கு வேர்த்துவிடும். தர்க்கத்தில் அவரை மடக்கிவிட்டு, ஆர்மோனியம் வாசிக்கும் என் பக்கம் திரும்பிக் கண்ணடிப்பீர்கள். புருஷன் போன பிறகு அந்தப் பாட்டை வைத்துத்தான் மகனை ஆளாக்கினீர்கள். அவன் மீமிசலில் மீன்பிடிக்கப் படகேறியது மட்டும் உங்களுக்குப் பிடிக்கவே இல்லை.

அரிச்சந்திராவில் சந்திரமதி வேஷம் வேறு. செத்த பிள்ளையை மடியில் கிடத்தி ஒப்பாரி பாடினால், சிவன் வந்து அவனை எழுப்பும்வரை மேடையை விட்டு இறங்கக்கூடாது. நம் செட்டில் அது சட்டம்.

உங்கள் கடைசி நாடகத்தில், விடியப்போகும் நேரத்தில், ஒப்பாரிக்கு நடுவே மழை கொட்டியது. அதற்காகத்தானே நாடகமே. ஜனங்கள் விசிலடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினார்கள். மைக்செட்காரர் ஒயரைப் பிடுங்கினார். சிவன் வேஷக்காரர் ஜடாமுடியைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் ஆளாக வேனில் ஏறிவிட்டார். அந்த மனுஷன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நீங்கள் மட்டும் லோகிதாசனாகக் கிடந்த துணிப்பொம்மையோடு நனைந்தபடி உட்கார்ந்திருந்தீர்கள்.

"பொம்மைதானக்கா, வாங்க."

"எம்பிள்ளை கடல்ல கெடக்கான் தம்பி. இவனை எழுப்பாம நான் எப்புடி எறங்குவேன்?"

கையைப் பிடித்து இழுத்துத்தான் வேனில் ஏற்றினோம். ஆவுடையார்கோவில் தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து மெதுவாகப் பாட ஆரம்பித்தீர்கள். பிள்ளையின் பெயர் வர வேண்டிய இடத்தில் உங்கள் பெயரை வைத்துப் பாடினீர்கள். 

"என்னக்கா இது?"

"பாதியில நின்ன ஒப்பாரி யாரையாச்சும் கேக்கும் தம்பி. என்னைய எடுத்துக்கிரட்டும்."

மறுநாள் உங்கள் மகன் கரை சேர்ந்தான். உங்களுக்குக் காய்ச்சல் கண்டது. அது உங்களைக் கொண்டுபோய்த்தான் ஓய்ந்தது.

காரியம் முடிந்ததும் அவன் வந்து, "மாமா, ஆத்தா கடைசியா என்ன பாட்டுப் பாடுச்சு?" என்று கேட்டான். வள்ளி பாட்டு என்று சொல்லிவிட்டேன். மழையில் நனைந்த காய்ச்சல்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவன் இன்னும் கடலுக்குத்தான் போகிறான். வானம் கறுத்தால் போன் போடுகிறேன். "கரையிலதான் இருக்கேன் மாமா" என்று அவன் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை, அக்கா.