மூன்று டெர்மினல்களும் ஜோகூர் பாருவும்

3 மார்ச் 2025, திங்கள்

காலையிலேயே பாஸ் கமாலுதீன் அண்ணன் கூப்பிட்டார். நோன்பின் இரண்டாம் நாள். தேநீர் இல்லாத கமால் அண்ணனிடம் யாரும் வாதம் செய்வதில்லை.

"நம்ம பழைய டெர்மினல் புரோகிராம் ஆடிட்ல ஃபெயில் ஜெயா. இனிமே யார் எந்த நெட்வொர்க் சுவிட்சுக்குள்ள போய் என்ன டைப் பண்ணாலும் லாக்ல பதிவாகணுமாம். மூணு புரோகிராம் பாத்து வச்சிருக்கேன். எது நல்லதுன்னு சொல்லு. ஜேபி பிராஞ்சும் அதையேதான் யூஸ் பண்ணப் போறாங்க, அதனால நீயும் ஹரீஷும் சேந்து டெஸ்ட் பண்ணுங்க. பெருநாளுக்கு முன்னாடி முடிச்சிடணும் லா."

ஹரீஷ் பெயரை ஸ்டேப்ளர் கேட்பது போலச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டெர்மினல் என்கிற அந்தக் கறுப்பு ஜன்னல்தான் எங்கள் பிழைப்பே. பினாங்கின் லெபோ பந்தாய் தெருவில் இந்த மாடியில் உட்கார்ந்தபடி ஜுரு தொழிற்சாலையின் சுவிட்சோடும் கெலுகோர் மாணவர் விடுதியின் சுவிட்சோடும் அதன் வழியாகத்தான் பேசுகிறோம். ஆறு வருஷம் பக்கத்து மேசையில் இருந்து அதே வேலையைச் செய்தவன் ஹரீஷ். ஜேபியில், அதாவது ஜோகூர் பாருவில், கிளை திறக்க ஆள் வேண்டும், ஆறு மாசம்தான் என்றார்கள். இரண்டாவது வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் நாற்காலியில் இப்போது பிரிண்டர் காகிதப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. நகர்த்தச் சொல்லி நானும் யாரிடமும் சொல்லவில்லை.

4 மார்ச்

அவனுக்கு மெயில் அனுப்பினேன். 'வணக்கம் ஹரீஷ்' என்று தொடங்கினேன். என் வாழ்நாளில் அவனுக்கு வணக்கம் சொன்னது இதுவே முதல் தடவை.

6 மார்ச்

மூன்றுக்கும் பெயர் வைத்துவிட்டேன். முதலாவது மூட்டைக்காரன். கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் தலையில் சுமந்துகொண்டு வருகிறான். திறக்கவே நேரமெடுக்கிறான், ஆனால் எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு வார்த்தை கேட்கிறான். இரண்டாவது கோட்டு போட்டவர். எல்லாம் ஒழுங்கு, ஆனால் எழுத்து இவ்வளவு சின்னதா? மூன்றாவது மெலிசு. ஒரே ஒரு கோப்பு. கிளிக் செய்தால் கண் இமைப்பதற்குள் நிற்கிறது, எதையும் கேட்பதில்லை.

சோதனைக்கு கெப்பாலா பத்தாஸ் கிடங்கின் பழைய சுவிட்ச். ஒரே செஷனுக்குள் நான் இங்கிருந்து, ஹரீஷ் அங்கிருந்து. நான் அடிப்பது அவன் திரையில், அவன் அடிப்பது என் திரையில்.

வழக்கம்போல முதல் வேலையாக ரீலோடு வைத்தேன். தூரத்துச் சாதனத்தைத் தொடும் முன் அப்படித்தான் செய்யவேண்டும். 'பத்து நிமிஷத்தில் நீயே அணைந்து பழைய நிலைக்குத் திரும்பு' என்று சொல்லி வைத்துவிட வேண்டும். நாம் ஏதாவது சொதப்பி வழியை அடைத்துக்கொண்டாலும் அது தானாகவே திரும்பி வந்துவிடும். எல்லாம் சரியாக நடந்தால் ரத்து செய்துவிடலாம். மற்றவர்கள் பெரிய வேலைக்கு மட்டும் வைப்பார்கள். நான் எல்லாவற்றுக்கும் வைப்பேன்.

உடனே திரையில் ஒரு வரி வந்தது.

! வந்துட்டாங்க இன்சூரன்ஸ் அம்மா

ரோமன் எழுத்துத் தமிழ், எப்போதும் போல. வரியின் தொடக்கத்தில் ஆச்சரியக்குறி போட்டால் சுவிட்ச் அந்த வரியைச் சட்டை செய்யாது. சத்தம் போட்டுப் பேச முடியாத நேரங்களில் நாங்கள் அந்தக் குறிக்குப் பின்னால்தான் பேசிக்கொள்வோம். சாப்பாடு, கமால் அண்ணனின் மனநிலை, மழை வருமா என்பது எல்லாமே அதில்தான்.

நானும் பதில் அடித்தேன். ! வேலையப் பாரு

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல. அக்கா ஷர்மினி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடி, சம்பளம் ஏத்திட்டாங்களா?"

9 மார்ச், ஞாயிறு

பெங்காலான் வெல்ட் படகுத்துறையில் ஃபெர்ரி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் ஜுருவில் வேலை இருந்தால் ஹரீஷும் நானும் பாலத்தில் போகாமல் வேண்டுமென்றே ஃபெர்ரியில் போவோம். நேரம் கூடத்தான் ஆகும். கூட ஆகட்டும் என்றுதானே போனோம்? இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. தைப்பூசத்துக்கு வருவதாகச் சொன்னான், வரவில்லை. தண்ணீர்மலைக் கோயில் கூட்டத்தில் நீலச் சட்டை போட்ட எல்லாரையும் நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

12 மார்ச்

கோட்டு போட்டவரைப் பற்றிப் பேச ஹரீஷ் போன் செய்தான். பேசி முடிந்த பிறகும் வைக்கவில்லை.

"பினாங்குல இப்ப ஆள் எப்படி? போதுமா?"

"போதும். சமாளிச்சிக்கிறோம்."

"ஓ. சரி."

அவ்வளவுதான். சாயங்காலம் கமால் அண்ணன் போகிற போக்கில் சொல்கிறார்: ஜேபியில் அவனை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். கடிதம் கொடுத்தாகிவிட்டது, இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

அதுக்குத்தான் கேட்டிருக்கான். நான் என்னமோ பெரிய மேனேஜர் மாதிரி, 'போதும், சமாளிச்சிக்கிறோம்'. யாரு சமாளிச்சா? நானா?

15 மார்ச்

அவன் வேண்டும். பக்கத்து மேசையில் வேண்டும், ஃபெர்ரியில் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும். இங்கே எழுத முடிகிறது. அவனிடம் சொல்லத்தான் முடியவில்லை.

18 மார்ச்



காலையில் ஆபீஸ் கணினியில் வாட்ஸ்அப் திறந்து ஒரு வழியாக அவனுக்கு எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தேன். படித்ததும் பயம் வந்தது. தவறி என்டர் தட்டிவிடப் போகிறேனே என்று எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டேன். அழிக்கவில்லை, வெட்டினேன். பெட்டி காலியானது, நிம்மதியாக இருந்தது. வெட்டியது கணினியின் நினைவில் அப்படியே இருக்கும் என்று கல்லூரி முதல் வருஷப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பத்து மணிக்கு மெலிசின் சோதனை. ஹரீஷ் அந்தப் பக்கம் இருந்தான். சுவிட்ச் கொடுத்த பதிலை நகலெடுக்கலாம் என்று மௌஸின் வலப்பக்கத்தை அழுத்தினேன். பழைய புரோகிராமில் அப்படி அழுத்தினால் ஒரு சின்னப் பட்டியல் வரும். மெலிசில் வலது கிளிக் என்றால் ஒட்டுவது. கேட்காது, கொள்ளாது. ஒட்டிவிடும்.

ஒட்டிவிட்டது.

ஹரீஷ், ஜேபி லெட்டர்ல சைன் பண்ணாத
ஆள் போதும்னு சொன்னது பொய்
ஆபீசுக்குப் போதும், எனக்குத்தான் போதல
திரும்பி வா

முதல் மூன்று வரிகளுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னது கெப்பாலா பத்தாஸ் சுவிட்ச்: இப்படி ஒரு கட்டளை இல்லை. எந்த எழுத்தில் தப்பு என்று அடியில் சின்னக் குறி வேறு போட்டுக் காட்டியது. கடைசி வரிக்குப் பிறகு என்டர் இல்லை. அதனால் 'திரும்பி வா' மட்டும் அப்படியே நின்றது. அதன் முடிவில் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

அழிக்கணும்னு தோணல. கையே வரல.

அப்போது கர்சர் நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை. அந்த வரியின் தொடக்கத்துக்குப் போய் நின்றது. ஓர் ஆச்சரியக்குறி விழுந்தது. என்டர்.

! திரும்பி வா

சுவிட்ச் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் குறி இருந்தால் அது ஒன்றும் சொல்லாது. அடுத்த நிமிஷம் ஹரீஷ் செஷனை விட்டு வெளியே போய்விட்டான்.

என்ன அர்த்தம்? என்னைக் காப்பாற்றினானா? இல்லை, இதை யாரும் சட்டை செய்யவேண்டாம் என்று மூடிவிட்டுப் போனானா?

19 மார்ச்

ஒவ்வோர் எழுத்தும் லாக் ஆக வேண்டும் என்பதுதானே சோதனையே. லாக் நேராகக் கமால் அண்ணனுக்குப் போகும்.

மதியம் வந்தார். ஹரீஷின் நாற்காலியிலிருந்த காகிதப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிவிட்டு அதில் உட்கார்ந்தார்.

"லாக் பாத்தேன் ஜெயா. அழிக்க முடியாதும்மா, ஆடிட் ரூல்."

நான் தலையை ஆட்டினேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அவன் திங்கட்கிழமையே சைன் பண்ணிக் குடுத்துட்டான்."

திங்கட்கிழமை. நான் ஒட்டியதற்கு முந்தின நாள்.

அவர் எழுந்து போனார். நோன்பு திறக்கக் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் கஞ்சி வாங்கி, எனக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார். சூடு குறைவதற்குள் சாப்பிட்டேன். பசியாகத்தான் இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று நான் நினைத்ததில்லை.

21 மார்ச்

ஹரீஷிடமிருந்து ஒரு வரிகூட வரவில்லை. நானும் கேட்கவில்லை.

24 மார்ச்

ஹரீஷிடமிருந்து மெயில். கமால் அண்ணனுக்கும் நகல். மூன்று புரோகிராம்களையும் பற்றி அவன் கருத்து. பாதுகாப்பு, லாக், எழுத்து அளவு எல்லாம் வரிசையாக. ஒட்டுதல் என்ற இடத்துக்கு வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு படித்தேன்.

'பல வரிகளை ஒட்டும்போது புரோகிராம் உறுதி கேட்க வேண்டும் என்பது சரிதான். ஆனால் சில நேரங்களில் அது கேட்காமல் இருப்பதே நல்லது. கேட்டிருந்தால் சில வரிகள் வந்தே சேர்ந்திருக்காது. நான் மூன்றாவதைப் பரிந்துரைக்கிறேன்.'

கமால் அண்ணன் தன் அறையிலிருந்தே கத்தினார். "இவன் என்ன லூசா? ஊரே கேக்கணும்னு சொல்லுது, இவன் மட்டும் கேக்காததுதான் நல்லதுங்கிறான்!" அப்புறம் அவர் குரல் பாதியில் நின்றது. மெயிலை மறுபடி படித்திருப்பார்.

நான் அதை எத்தனை தடவை படித்தேன் என்று இங்கே எழுதப் போவதில்லை.

25 மார்ச்

கடைசிச் சோதனை, மூட்டைக்காரனில். ரீலோடு வைத்தேன். இன்சூரன்ஸ் அம்மா என்று கிண்டல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து:

! அன்னைக்கி போன்ல நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சைன் பண்ணிருக்க மாட்டேன்

! தெரியும்

! இப்ப உடனே வர முடியாது. ரெண்டு வருஷ அக்ரிமெண்ட்

! தெரியும்

! நீ வர்றியா. சும்மா பாக்க

நான் பதில் அடிக்கவில்லை. ஜோகூர் பாரு எங்கே, பினாங்கு எங்கே? போய்ப் பார்த்து, அது சரிவராமல் போனால்? இந்த வரிகளுக்குக்கூட அப்புறம் இடமிருக்காது. இப்போதாவது ஒரு திரையில் இருக்கிறான். அதையும் தொலைக்கவா?

பத்து நிமிஷம் முடிந்து சுவிட்ச் தானாகவே அணைந்தது. ரத்து செய்ய மறந்துவிட்டேன். நெட்வொர்க் போய்விட்டது என்று கெப்பாலா பத்தாஸ் கிடங்கிலிருந்து போன் மேல் போன்.

1 ஏப்ரல்

கமால் அண்ணன் வீட்டில் பெருநாள் விருந்து. ரெண்டாங், கெதுப்பாட், அவர் மனைவி சல்மா அக்காவின் பிரியாணி. மூட்டைக்காரன்தான் தேர்வாகியிருக்கிறான். எதற்கும் ஒரு தடவை கேட்பான், அதுதான் பத்திரம் என்று அறிக்கையில் நானே எழுதிக் கொடுத்தேன். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். வேலைக்கு அதுதான் சரி. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

17 ஏப்ரல்

தினமும் காலையில் ஒரு வரி வருகிறது. ! சாப்டியா. நானும் அடிக்கிறேன். ! சாப்டேன். இது போதும் என்று சொல்லிக்கொள்ளலாம். 'போதும்' என்று சொல்லித்தான் ஏற்கெனவே ஒரு தடவை கெடுத்தேன்.

போதல.

8 மே, வியாழன்

விசாக தினத்தோடு சேர்த்து லீவு கேட்டேன். கமால் அண்ணன் எழுதிக்கொண்டே கேட்டார்.

"எங்க?"

"ஜேபி."

பேனா நின்றது. "பஸ்ஸா?"

"ஆமாண்ணே. நாளைக்கிக் காலைல, சுங்கை நிபோங்லருந்து."

"ரிட்டர்ன் எப்ப?"

"ரிட்டர்ன் டிக்கெட் எடுக்கல அண்ணே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் ரீலோடு வைக்கிற நீயா?"

நான்தான்.