மஞ்சள் பாலும் மண் தூசியும்

இன்று காலை மருமகள் பாலில் மஞ்சளும் மிளகும் தட்டிப்போட்டுக் கொடுத்தாள். வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. குடிக்க முடியவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பீங்கான் கம்பெனியில் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதானே பொம்மைகளின் பிசிறைத் தேய்த்தோம். காய்ந்த பொம்மையைத் தேய்த்தால் பறக்கிற மண் தூசி புருவத்தைக்கூட வெளுத்துவிடும். சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொள்வோம், தூசி இறங்கிவிடும் என்று. நீ அத்தோடு விடமாட்டாய். உடம்புக்கு நல்லது என்று போனில் பார்த்ததெல்லாம் உன் தூக்குச்சட்டியில் இருக்கும். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து உன் தம்பி கொண்டுவரும் முருங்கைக்கீரை, வதக்கிய பூண்டு, கொய்யாப்பழம்.

"இதுல இருக்கிற சத்து கேன்சர அண்டவுடாதாம். தின்னுடி" என்று என் தட்டிலும் தள்ளுவாய்.

"நீ தின்னுட்டு நூறு வயசு இரு. எனக்கு ஒரு அப்பளம் போதும்" என்பேன்.

உனக்கு இருமல் வந்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஷெட்டில் இருமாதவர் யார்? தூசி இருமல் என்று நீயும் சொன்னாய், நாங்களும் சொன்னோம். வெல்லத்தைக் கூட்டினாய், மஞ்சள் பால் குடித்தாய். "கொறைஞ்சிட்டுதான் வருது" என்றாய். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நுரையீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது என்றார்கள்.

படுக்கையில் கிடந்து ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாய். "வெத்தல பாக்குகூட போட்டதில்ல. பாத்துப் பாத்துத்தான் தின்னேன். எதத் தப்பா தின்னுட்டேன், சொல்லுடி?"

எனக்கு என்ன தெரியும்? உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கவலையோடுதான் போனாய். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

போன மாதம் எனக்கும் இருமல். இந்த முறை வெல்லத்தைத் தேடவில்லை, நேராக டாக்டரிடம் போனேன். படம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்றார். எழுந்திருக்கும் முன் உன் கதையைச் சொல்லி, உன் கேள்வியை அவரிடம் கேட்டேன்.

"கீரை, பூண்டு, மஞ்சள்ல இருக்கிற சத்துங்க ஆபத்தக் கொறைக்கலாம்மா, ஆராய்ச்சி நடந்துகிட்டுதான் இருக்குது. வராமலே தடுத்துடும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. அவ்ளோ வருஷம் தூசிய இழுத்திருக்காங்க, அதுவும் காரணமா இருக்கலாம். சாப்பாட்டுல அவங்க எந்தத் தப்பும் பண்ணலம்மா" என்றார்.

இப்போது ஷெட்டில் யார் இருமினாலும் நான் சும்மா விடுவதில்லை. "கீரைய அப்பறம் தின்னலாம், மொதல்ல போயி காட்டிட்டு வா" என்று திட்டி அனுப்புகிறேன்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்று விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். நீ எந்தத் தப்பும் செய்யவில்லையடி. இதைக் கேட்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாய்.