பஞ்சு வைத்த டப்பா

12.6.2023
ஈக்காட்டுத்தாங்கலில் நாஸியாவைப் பார்த்தேன். வங்காளத்துக்காரி, இருபத்தைந்து வயது, ஐந்து மாதக் கர்ப்பம். நம் தொழில்தான். நான் அதை விட்டுப் பத்து வருசமாகிறது, பாலியல் தொழிலாளர் திட்டத்தில் களப்பணியாளர் என்று கழுத்தில் அட்டை வேறு தொங்குகிறது. ஆனாலும் ‘நம்’ என்றுதான் வாயில் வருகிறது. போன வாரம் அவளுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. ஒரு நாளும் விடாமல் மாத்திரை போட்டால் குழந்தைக்கு வராமல் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னதை, பாதி தமிழிலும் பாதி கையாலும் சொன்னேன். “தெனம் போட்டா பாப்பாக்கு வராது, தீதி?” என்றாள். தீதி என்றால் அவள் பாஷையில் அக்கா.

போடுடி முதலில்.

26.6.2023
மாத்திரை டப்பாவில் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டாள். உள்ளே பஞ்சு. குலுக்கிக் காட்டினாள், சத்தமே இல்லை. வீட்டு ஓனருக்குத் தெரிந்தால் அன்றைக்கே தெருதான். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. என் டப்பாவிலும் பஞ்சுதான், ஏழு வருசமாக. லாரன்ஸுக்குக் கூடத் தெரியாது, ஒரே ஆபீசில் உட்கார்ந்திருக்கிறோம்.

8.8.2023
வயிறு வெளியே தெரிகிறதென்று வீட்டு ஓனர் அவளை அனுப்பிவிட்டார். அறை பூட்டு. போன் அணைந்து கிடக்கிறது. பதினொன்றாம் தேதியோடு மாத்திரை முடிகிறது. தனியாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் இல்லை. போன மாதம் வரிசைக்கு நடுவில் அட்ரஸ் எங்கே, புருசன் பேர் என்ன என்று கேட்டதற்கே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

லாரன்ஸ் சொல்கிறான், “ஊருக்குப் போய்க்கினு இருக்கும்க்கா. வுடு.”

வுடவா? எப்டி வுடறது? ரெண்டு மாசமா ஒரு வேள தப்பாம முழுங்கினவள!

10.8.2023
மாம்பலம் ஸ்டேஷன், தி.நகர் பஸ் ஸ்டாண்ட். இல்லை. நாளையோடு முடிகிறது.

11.8.2023
இப்போதுதான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

காலையில் மருந்து கொடுக்கும் நர்சம்மா போன் செய்தார். “செண்பகம்க்கா, ஒம் பொண்ணு வந்துகீது.” செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு ஓடினேன்.

தரமணியில் ஒரு தோழியிடம் இருந்திருக்கிறாள். போன் தொலைந்துவிட்டதாம். இரண்டு பஸ் மாறி, தானே வந்திருக்கிறாள். என் பின்னாலேயே வந்து பழகியவளுக்கு ஆஸ்பத்திரிக்குள்ளே எந்தக் கட்டடம் என்று தெரியவில்லை. டப்பாவை நீட்டியிருக்கிறாள், லேபிள் இல்லாத டப்பாவை வைத்து யாருக்கு என்ன புரியும்? பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குலுக்கியிருக்கிறாள். ஒவ்வொரு கவுண்டராக, அத்தனை பேர் பார்க்க.

“புருசன் பேர் இன்னான்னு கேட்டேன்க்கா” என்றார் நர்சம்மா. “வயித்துல ஒரு கைய வச்சிக்கினு டப்பாவ ஆட்டிச்சி. அதுக்கு மேல இன்னாத்தக் கேக்குறது?”

டப்பாவில் ஒரு மாத்திரை இருந்தது. இன்றைக்கானது. ஒரு நாளும் தப்பவில்லை.

கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது எனக்கு. ஊருக்கெல்லாம் தைரியம் சொல்கிறவள் நான். என் டப்பாவை நாலு பேர் முன்னால் ஆட்டுவேனா? மாட்டேன். சத்தியமாக மாட்டேன்.

14.10.2023
பெண். இரண்டு கிலோ எழுநூறு. நிலா என்று பெயர் வைக்கப் போகிறாளாம். குழந்தைக்கு வந்திருக்கிறதா இல்லையா என்று முடிவாகத் தெரிய ஒன்றரை வருசம் ஆகும். ஒன்றரை வருசம்!

22.4.2025
நிலாவுக்குக் கடைசிப் பரிசோதனை முடிவு வந்தது. இல்லை. குழந்தைக்கு இல்லை. இல்லை.

நர்சம்மா தாளை நீட்டியபோது என்னால் வாங்க முடியவில்லை. நாஸியாதான் வாங்கினாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முழுங்கிய மாத்திரை எத்தனை, அதற்கு இப்படி ஒரு பலனா! நிலா, தன் அம்மாவின் பையிலிருந்து டப்பாவை எடுத்து ஆட்டிக்கொண்டே இருந்தது. வரிசையே திரும்பிப் பார்த்தது. நாஸியா பிடுங்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் டப்பாவைத் திறந்து பஞ்சை எடுத்துப் போட்டேன். நாளைக் காலையில் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஆபீசுக்குப் போகிறேன். என்ன சத்தம் என்று லாரன்ஸ் கேட்டால் சொல்லிவிடுவேன்.