ஊசியின் வேலையை ஓரகத்தியின் தைரியமாக எண்ணியது பற்றி

அனுப்புநர்:
தையற்கடை நடத்துபவர், வீட்டின் மூத்த மருமகள்,
பெண்கள் எலும்பு சிகிச்சை வார்டு, சுவரோரக் கட்டில்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஆராய்ச்சி நெறிமுறைக் குழு,
பொது மருத்துவமனை.

பொருள்: முழங்கால் அறுவைக்குப் பிந்தைய வலி நிவாரண ஆராய்ச்சியில் எனக்கு நரம்பு ஊசி கிடைக்காததும், அதனால் குடும்பத்தில் என் பெயர் கெட்டதும் – தக்க நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் ஓரகத்தியும் அண்ணன் தம்பிகளுக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டில் இருப்பவர்கள். எனக்கு மெஷின் மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தது. அவளுக்கு எதனால் தேய்ந்தது என்று எனக்குத் தெரியாது. இந்த மனுவுக்கு அது தேவையும் இல்லை. இருவருக்கும் ஒரே நாளில் வலது மூட்டு மாற்றப்பட்டது.

2. அறுவைக்கு முன் மயக்க மருந்து மருத்துவரம்மா எங்களைச் சேர்த்து உட்கார வைத்து விளக்கினார். வலியைக் குறைப்பதில் எது மேல் என்று ஆராய்கிறார்களாம். பாதிப் பேருக்கு வழக்கமான ஊசியும் மாத்திரையும். மீதிப் பேருக்கு அவற்றோடு, ஸ்கேன் திரையில் நரம்பைப் பார்த்துத் தொடையில் போடும் ஊசி. முழங்கால் ஏறக்குறைய ஒரு நாள் வலி தெரியாமல் மரத்துக் கிடக்குமாம். "கம்ப்யூட்டர்தான் குலுக்கிப் போடும். யாருக்கு எது விழும்னு எனக்கே தெரியாதும்மா" என்றார். நான் சம்மதித்தேன். "அக்கா சரின்னா எனக்கும் சரி" என்று ஓரகத்தியும் சம்மதித்தாள். அறுவை அன்று ஸ்கேன் மெஷினை அவள் பக்கம்தான் தள்ளிக்கொண்டு போனார்கள்.

3. குலுக்கலில் சூது நடந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் வீட்டில் காற்று வரும் அறை, இங்கே ஜன்னலோரக் கட்டில், கடைசியில் ஊசி, எல்லாமே எப்படி ஒரே ஆள் பக்கம் சாய்கின்றன என்பதைக் குழு விரும்பினால் ஆராயலாம்.

4. மறுநாள் காலையில் அவள் தலை வாரி, பொட்டு வைத்து, நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வார்டின் வாசல் வரை போய்த் திரும்பினாள். நான் கட்டில் கம்பியைப் பல்லைக் கடித்தபடி பிடித்திருந்தேன். போர்வை காலில் பட்டாலே உயிர் போய் வந்தது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று நர்ஸம்மா கேட்டபோது அவள் ஒன்று என்றாள். நான் பத்து என்றேன். பார்க்க வந்திருந்த என் கணவர் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "அவளும் அதே ஆபரேஷன்தானே பண்ணிக்கிட்டா? எவ்ளோ தைரியமா இருக்கா பாரு. நீ எதையும் பெருசாக்கியே பழகிட்ட" என்றார்.

5. ஐயா, மூட்டு வலி மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கியது. அந்தச் சொல்லுக்கு மாத்திரை இல்லை. ஊசி செய்த வேலைக்கு அவளுக்குப் பாராட்டு. ஊசி இல்லாத குற்றத்துக்கு எனக்குப் பட்டப்பெயர். இப்போது எங்கள் வீட்டில் நான் "பத்து மார்க்".

6. அன்று மாலை அவளுடைய மரப்பு விட்டது. படிப்படியாக விடவில்லை, பேசிக்கொண்டிருந்தவள் பாதிப் பேச்சில் அலறினாள். எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்க மாட்டேன். அது நீடிக்கவில்லை. எட்டிப் பார்த்த நர்ஸம்மா, "உங்களுக்குத்தான் நரம்பு ஊசி போட்டிருக்கே, வலிக்காதே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எழ முடியாத நான் தண்ணீர்ச் செம்பால் கட்டில் கம்பியைத் தட்டித் தட்டிக் கத்தினேன்: "வலிக்குதுன்னு அவ சொல்றா. உங்க மெஷினா சொல்லணும்?" பிறகுதான் மருத்துவரம்மா ஓடி வந்து மருந்து கொடுத்தார். மரப்பு விடுவதற்கு முன்பே வழக்கமான மாத்திரையைத் தொடங்கியிருக்க வேண்டும், தவறிவிட்டது என்று அவரே வருந்தினார்.

7. செய்தி கேட்டு வந்த என் கணவர், "அவளே அழுதான்னா எவ்ளோ வலிச்சிருக்கும்!" என்றார். ஆக, வலியிலும் அவளுடையதுதான் உயர்ந்த ரகம்.

8. வந்தவர்கள் போன பின் ஓரகத்தி என் பக்கம் திரும்பி, "அக்கா, காலையிலேர்ந்து நீங்க இந்த வலியோடயா கிடந்தீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை என் கணவர் கேட்டிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றாததை அவளே கேட்டு, அந்த நல்ல பெயரையும் தட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அழுகை வந்தது. காரணம் கால் அல்ல.

ஆகவே தங்களிடம் வேண்டுவது:

(அ) நரம்பு ஊசி பெற்றவர்களுக்கு மரப்பு விடும் முன்பே வலி மாத்திரை கொடுக்கவும், அவர்கள் வலிக்கிறது என்றால் உடனே நம்பவும் வார்டுக்கு உத்தரவிட வேண்டும்.

(ஆ) எங்கள் இருவருக்கும் இருந்த வேறுபாடு மருந்தினுடையது, மனத்தைரியத்தினுடையது அல்ல என்பதை, மருத்துவரம்மா என் கணவரை எதிரில் நிறுத்தி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நானும் அருகில் இருக்க வேண்டும்.

(இ) இருவருக்கும் இடது முழங்கால் பாக்கி இருக்கிறது. அப்போது குலுக்கல் வேண்டாம். இருவருக்குமே நரம்பு ஊசி போட வேண்டும்.

எனக்கு முதலில்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி, காலை நீட்டியபடி காத்திருக்கிறேன்.

இடம்: பெண்கள் வார்டு
நாள்: தையல் பிரித்த மறுநாள்

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையற்கடை அம்மா